உயிரணுவில் ஓர் ஏரியல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசுப் புத்தகம் வாங்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போயிருந்தேன். அங்கே அஞ்சடியில் நடப்பதே பெரும்பாடு. துணி மூட்டை ஒரு பக்கம் உள்ளே போகுது, காலிப் பெட்டி மறுபக்கம் வெளியே வருது, நடுவில் நாம். நம் உடம்புக்குள்ளும் இப்படி ஓர் அஞ்சடி உண்டு. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நம் உயிரணுக்களில் பெரும்பாலானவற்றின்மேல் மயிர் போன்ற ஒரே ஒரு நீட்சி உண்டு. அதற்கு முதன்மைச் சிலியம் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் சில பங்குதான் அதன் நீளம். வெகுகாலம் அதை வேண்டாத மிச்சம் என்றே ஒதுக்கினார்கள். உண்மையில் அது கூரைமேல் டிவி ஏரியல் மாதிரி. வெளிச் செய்தியை வாங்கி உள்ளே கொடுக்கும்.

நினைத்த நேரத்தில் அது முளைக்காது. முளைக்கும் இடத்தில் சிபி110 என்ற புரதம் மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். அணு இரண்டாகப் பிரியும் வேலை ஓய்ந்ததும், டிடிபிகே2 என்ற இன்னொரு புரதம் வந்து மூடி அகல வழி செய்யும். அப்புறம் கைனசின் என்ற புரதம் கட்டுமானப் பொருளை நுனிக்குச் சுமக்கும், டைனீன் திருப்பிக் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்தை 1993இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு பச்சைப் பாசியில் கண்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்பது தெரிகிறது.

பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன். மழை இருட்டினால் கரும்பலகை தெரியலைன்னு சொல்வான், சாயங்காலம் படியில் தடுக்கி விழுவான். சாக்கு சொல்கிறான் என்று அதட்டினேன். அவனுக்குக் கையில் ஆறு விரல். அதிர்ஷ்டம் என்றார் பாட்டி. நாங்களும் சிரித்தோம். அவனுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டர் யாரும் பார்க்கவில்லை. ஆனால் பின்னாளில் பார்டே-பீடில் நோயைப்பற்றிப் படித்தபோது நெஞ்சு திக்கென்றது.

அந்த நோயில் சிலியத்தின் சரக்குப் போக்குவரத்தைக் கவனிக்கும் புரதங்கள் பழுது. கண்ணில் ஒளி வாங்கும் அணுவும் ஒரு சிலியம் வழியாகத்தான் சரக்கைப் பெறுகிறது. அது கெட்டால் முதலில் மாலைக்கண், பிறகு பார்வையே மங்கும். கூடுதல் விரல், சிறு வயதிலேயே உடல் பருமன், சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது, ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் வந்து சேர இடமுண்டு. நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளைக் கட்ட இடம் தருகிறது. வழக்கத்தைப் பழிக்க நான் வரவில்லை. என் அப்பாவே மாமன் மகளைக் கட்டியவர்தான். ஆனால் இரு வீட்டிலும் பார்வை போனவர் உண்டா என்று நிச்சயத்துக்கு முன் கேளுங்கள், இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் விரல் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது பலருக்கும் உண்டு. அதோடு இருட்டில் தடுமாற்றமும் இருந்தால், பிள்ளையை அடிக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இதற்கு இல்லை. ஆனால் சிறுநீரகத்தைக் காலத்தில் கவனிக்கலாம், எடையைக் கட்டுப்படுத்தலாம், பள்ளியில் வெளிச்சமான ஜன்னலோரம் முதல் பெஞ்சு கொடுக்கலாம். அந்தப் பெஞ்சு என் பொறுப்பு. விஷயத்தை எங்களிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.