சுங்கம் கட்டாமல் தாண்ட முடியாது

('விழுந்தவரை மறுபடி எழுந்து ஓட வைப்பது மனத்தின் வேகமா? உடம்பின் நிதானமா?' என்ற பட்டிமன்றத்தில், 'உடம்பின் நிதானமே' என்ற அணியில் பேசியது)

எதிரணியிலே புயலாகப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற அன்புச் சகோதரி அவர்களே!

சகோதரி 'எழுந்திரு, ஓடு, உன்னால் முடியும்' என்று பேசின வேகத்திலே நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் ஐயா. என் முழங்கால் மூட்டு மட்டும், 'உட்காருய்யா, அந்தம்மா உன்னைச் சொல்லலே' என்றது. (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். ஆனால் இன்றைய தலைப்பே அதுதானே? மனம் ஒன்று சொல்கிறது, மூட்டு ஒன்று சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

நடுவர் அவர்களே, இன்றைக்கு நான் மெட்ரோ ரயிலிலே வந்து இந்த டோல்கேட் நிலையத்திலே இறங்கினேன். 2021 பிப்ரவரியிலே இந்தப் பாதை திறந்தார்கள். அதற்கு முன்னாலே இங்கே வந்து சேர வேண்டுமானால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலே தவம் கிடக்க வேண்டும். இறங்கியதும் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். டோல்கேட். தமிழிலே சொன்னால் சுங்கச்சாவடி. வண்டி நிற்க வேண்டும், கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும், பிறகுதான் போக முடியும். அட, நம்ம அணியின் வாதத்தைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். (கைதட்டல்)

இந்தப் பகுதியிலேயே எனக்கு ஒரு மாணவன் உண்டு. பெயர் வேண்டாம். பட்டம் வாங்கிவிட்டு ஒரு கன்டெய்னர் யார்டிலே கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற பிள்ளை. அவனுக்கு ஒரு பைத்தியம். சைக்கிள் பைத்தியம். சாதாரணச் சைக்கிள் இல்லே. தடித்த டயரும் பல்சக்கரக் கியருமாக, கல்லிலும் மண்ணிலும் ஏறுகிற மலைச் சைக்கிள். சீட்டுப் போட்டு வாங்கினான்.

"ஏம்ப்பா, டோல்கேட்டிலே மலை ஏது?" என்று கேட்டேன்.

"சார், எக்ஸ்பிரஸ் ரோட்டாண்ட சாயங்காலம் வந்து பாருங்க. கடல்காத்து எதிர்க்க அடிக்கும். அதுதான் சார் நமக்கு மலை" என்றான்.

உண்மைதான். எதிர்காற்றிலே மிதிக்கிறவனுக்குச் சமதரையும் ஏற்றம்தான். மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலிலே ஜோலார்பேட்டை போவான். அங்கிருந்து ஏலகிரி மலை ஏறுவான். ஏலகிரிப் பாதையிலே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். என் வகுப்பிலே கடையெழு வள்ளல்கள் யார் யார் என்றால் மூன்று பேரோடு நிறுத்திவிடுவான். இப்போது மூச்சு வாங்க வாங்க முழுசாகச் சொல்கிறான். மிதித்து மிதித்துப் படித்த தமிழ் ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

மலைப்பாதையிலே ஒரு நெடுந்தூரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். இரண்டு மாதம் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலம், லாரிக்கு ஒதுங்கி ஓரத்து மணலிலே டயர் வழுக்கி, தோள் அடிபட விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் 'புத்தூர் கட்டுப் போடு' என்கிறார். ஒருத்தர் 'தினம் ரெண்டு நாட்டுக்கோழி முட்டை' என்கிறார். காசிமேட்டுப் பாட்டி ஒருத்தி சட்டியோடு நண்டு ரசம் கொண்டுவந்துவிட்டாள். (சிரிப்பு) மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கையைத் தொட்டில் கட்டி, 'ஆறு வாரம் பாரம் தூக்காதே, ரோட்டிலே சைக்கிள் தொடாதே' என்று சொல்லி அனுப்பினார்.

நானும் பார்க்கப் போனேன். போன இடத்திலே சும்மா இருந்தேனா? தொழில் புத்தி! கட்டிலுக்குப் பக்கத்திலே நின்றுகொண்டு பேசினேன். 'வீரனுக்கு வலி ஏது தம்பி? விழுப்புண் படாத நாளை வீண்நாள் என்று எண்ணிய பரம்பரையப்பா நாம்' என்று முழங்கினேன். அவன் கண்ணிலே நெருப்பு வந்தது. எனக்கும் திருப்தியாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம், அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, தொட்டிலைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். விழவில்லை ஐயா. ஒரு வேகத்தடை. ஒரே ஒரு குலுக்கல். ஒட்டத் தொடங்கியிருந்த எலும்பு விலகிவிட்டது. அறுவை செய்து தகடு வைக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரத்தை மிச்சம் பிடிக்கப் போனவன் ஆறு மாதத்தை இழந்தான். போட்டியும் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவிலே அவன் அம்மா என்னைப் பார்த்தார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சாரு, ரேஸு அடுத்த வருசமும் வரும். என் புள்ளைக்குத் தோளு ரெண்டுதான் கீது" என்றார்கள். அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, நாற்பது நிமிஷம் மேடையிலே பேசுகிற எனக்கு அந்த ஒரு வரிக்குப் பதில் இல்லை. அன்றைக்கு நான் எதிரணியிலே இருந்தேன். அதனாலேதான் இன்றைக்கு இந்த அணியிலே நிற்கிறேன். (கைதட்டல்)

எதிரணித் தம்பி கேட்டார், 'ஹாலந்து வீராங்கனை ஆன்னமிக் வான் ஃப்ளூட்டன் 2022-ல் முறிந்த முழங்கையோடு உலகச் சாம்பியன் ஆகவில்லையா?' என்று. ஆனார். ஆஸ்திரேலியாவிலே வொல்லொங்காங் நகரிலே, விழுந்த சில நாளிலேயே சாலைப் பந்தயத்தை வென்றார். வணங்குகிறேன். ஆனால் எப்படி ஓட்டினார்? கையை ஊன்றி எழுந்து மிதித்தால் வலிக்கும் என்று பெரும்பாலும் உட்கார்ந்தபடியே ஓட்டினார். கை என்ன சொல்லியதோ அதைக் கேட்டு ஓட்டினார். ஓடியதும் தார்ச் சாலை. கல்லும் வேருமாகக் குலுக்குகிற மலைப்பாதை இல்லை. கூடவே மருத்துவர் குழு. அது வேகம் இல்லை தம்பி, கணக்கு.

நான் ஒரு பெயர் சொல்கிறேன். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட். 1986-ல் 'டூர் டி பிரான்ஸ்' என்கிற மாபெரும் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கர். அடுத்த ஆண்டு, 1987 ஏப்ரல் 20, வேட்டைக்குப் போன இடத்திலே சொந்த மச்சானுடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. உடம்பு முழுக்க ரவை. முப்பதுக்கும் மேற்பட்ட ரவைகளை எடுக்கவே முடியவில்லை. இதயத்தின் மேலுறையிலேயே சில தங்கிவிட்டன.

இவருக்கு மனவேகம் இல்லையா? இருந்தது. 1988-லேயே திரும்பி வரப் பார்த்தார். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தார். என்ன ஆயிற்று? வலது காலிலே தசைநாண் வீங்கி, அதற்கு ஓர் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டுப் பந்தயமும் போயிற்று. இதை எதிரணி சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்! (கைதட்டல்)

பிறகு 1989. இத்தாலியப் பந்தயத்திலே கலந்துகொண்டார், 39-வது இடம். அடுத்து பிரான்ஸ். சுமார் 3,285 கிலோமீட்டர். கடைசி நாள், வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டம். எதிராளி லொரான் ஃபிஞோன் 50 விநாடி முன்னே நிற்கிறார். லெமாண்ட் அந்த ஓட்டத்தில் அவரை 58 விநாடியிலே முந்தினார். மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியிலே வென்றார்! (கைதட்டல்) 1990-லும் வென்றார். எட்டு விநாடியை மட்டும் பார்த்தால் வேகம்தான் தெரியும். அதற்குப் பின்னால் இரண்டு வருஷக் காத்திருப்பு இருக்கிறது.

அமெரிக்கா வரைக்கும் எதற்கு? இதோ பக்கத்திலே திருவொற்றியூர். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாரிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்து கொடுத்தார். திருவாரூர் ஞாபகம் வந்தது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. பெரியபுராணம் சொல்கிறது.

இறைவன் தோழனாயிற்றே, அடுத்த நிமிஷமே இரண்டு கண்ணையும் கொடுத்திருக்கலாமே? கொடுக்கவில்லை. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரத்திலே ஒரு கண் கிடைத்தது. திருவாரூரிலே மறுகண் கிடைத்தது. முதலிலே கோல், பிறகு ஒரு கண், பிறகு இன்னொரு கண். ஐயா, இதைத்தானே இன்றைக்குப் பிசியோதெரபி என்கிறோம்? (சிரிப்பு, பலத்த கைதட்டல்) அவர் நடப்பதையும் நிறுத்தவில்லை. எந்த நிலையிலே எது கிடைத்ததோ அதை வைத்து நடந்தார். நிதானம் என்றால் சோம்பல் இல்லை என்று புரிகிறதா?

எலும்பு எப்படிக் கூடுகிறது? முறிந்த இடத்திலே முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு குருத்தெலும்பு போல மெத்தென்று ஒரு பாலம் கட்டுகிறது. அப்புறம் அது கெட்டிப்படுகிறது. பழைய வடிவத்துக்குத் திருத்திக்கொள்ள இன்னும் மாதக்கணக்கில் ஆகிறது. கான்கிரீட் போட்ட மேஸ்திரி மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பாரா? தண்ணீர் விட்டு நாள் கணக்குப் பார்க்கிறார் இல்லையா? வீட்டுக்குக் காட்டுகிற மரியாதையைத் தோளுக்குக் காட்டக் கூடாதா?

இரண்டாம் முறை என் மாணவன் எப்படிப் பயிற்சி செய்தான் தெரியுமா? மருத்துவரைக் கேட்டு, மொட்டை மாடியிலே சைக்கிளை ஸ்டாண்டிலே நிறுத்தி, கை தொட்டிலிலே இருக்க, கால் மட்டும் மிதித்தான். முதல் வாரம் பத்து நிமிஷம். பிறகு கால் மணி. அவனுக்குப் பயிற்சி சொன்னவர் ஓர் அளவுகோல் கொடுத்தார்: 'மறுநாள் காலையிலே வலி கூடியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம்.' அதை நோட்டிலே எழுதினான். எலும்பு கூடிய பிறகு தார் ரோடு. அதற்கும் பிறகு மண் பாதை. மலைச் சைக்கிளிலே ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் கைப்பிடி வழியாகத் தோளுக்குத்தான் வரும். கடைசியிலேதான் ஏலகிரி. முதல் தடவை நாலாவது வளைவிலே திரும்பிவிட்டான். "மீதிப் புலவருங்களை அடுத்த மாசம் பாத்துக்கறேன் சார்" என்றான். (சிரிப்பு)

சகோதரி கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னைக் குத்தியது. 'வேலைக்குப் போனால்தான் கூலி. வடசென்னைத் தொழிலாளிக்கு நிதானம் ஒரு ஆடம்பரம் இல்லையா?' என்றார்கள். நியாயமான கேள்வி. இதற்கு வள்ளுவரிடம் பதில் இருக்கிறது. மருந்து என்ற அதிகாரத்திலே வைத்தியத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர். அந்த நான்காவது ஆள் இருந்தால்தான் நிதானம் சாத்தியம்.

அது அம்மாவாக இருக்கலாம், நண்பனாக இருக்கலாம், சட்டமாகவும் இருக்கலாம். இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்ற தொழிலாளி வேலையிலே காயம் பட்டால், தேறும் வரை கூலியில் 90 சதவீதம் உண்டு. மற்ற நோய்க்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரைக்கும். பணம் கட்டிவிட்டுக் கேட்காமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? தாய்மார்களே, வீட்டிலே அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். (கைதட்டல்) என் மாணவன் விழுந்தது வேலையிலே இல்லை. கான்ட்ராக்டர் அவனைப் பதிவும் செய்யவில்லை. கூட வேலை பார்த்த நாலு பேர் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அவன் தோளைக் கூட்டியது தகடு மட்டும் இல்லை ஐயா.

அடுத்த வருஷம் அதே போட்டிக்குப் போனான். ஜெயித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவான். (சிரிப்பு) ஆனால் முடித்தான். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்தான். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "தோளு வலிக்குதாடா?" அவன், "இல்லம்மா" என்றான்.

அடுத்தது எனக்குப் பேசினான். "சார், முடிச்சிட்டேன்" என்றான். அந்த முறை நான் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. "ரெஸ்ட் எடுப்பா" என்றேன். (கைதட்டல்)

மனவேகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை நடுவர் அவர்களே. வண்டி ஓட எஞ்சின் வேண்டும். ஆனால் எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் சுங்கச்சாவடியிலே நின்றுதான் போக வேண்டும். காயத்துக்குச் சுங்கம் நாட்கள். கட்டாமல் முட்டிக்கொண்டு போனால், அடுத்த சாவடியிலே அபராதத்தோடு வாங்குவான். ஆகவே, விழுந்தவரை எழுந்து ஓட வைப்பது உடம்பின் நிதானமே, நிதானமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, மெதுவாக, என் முழங்காலைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)