நிருபர் கையில் செல்போன்

(தென்காசியில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



சாதி ஒழிப்பைப் பேசுகின்ற மேடையில் செல்போனைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே, சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில் 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்ததைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பியனுப்பினார். அதைச் செல்போனில் படம் பிடித்துப் பரப்பியதும் அவர் தரப்பாரே! படம் நாடெங்கும் போயிற்று, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

இக்கொடுமை அன்றுதான் முதன்முதல் நடந்ததா? இல்லவே இல்லை. 1925-ல் "குடி அரசு" தோன்றிய காலத்தில், கிராமத்து அக்கிரமத்தை ஒரு தோழர் எழுதியனுப்பினால் தபால் போய்ச் சேரவே நாளாகும். அச்சான பின்பும் ஊர்ப் பெரிய மனிதர்கள் "பொய்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். ஏழை சொல்லுக்குச் சாட்சி ஏது? இன்றோ காமிராவும், குரல் பதியும் கருவியும், செய்தி அனுப்பும் வசதியும் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டன. தந்தி என்பதே 2013-ல் நின்றுபோயிற்று.

ஆனால் நம் மக்கள் ஆயுத பூஜையன்று அதே செல்போனுக்கு விபூதி பூசுகிறார்கள். காமிராக் கண்ணில் விபூதி பட்டால் படம் மங்குமேயொழியத் தெளிவாகுமா? இதைவிட மோசம், கையில் வந்ததையெல்லாம் யோசிக்காமல் பிறருக்கு அனுப்புவது. 1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புரளி டெலிபோன் வழியாகவே ஒரே நாளில் நாடு முழுதும் பரவிற்று. பரப்பு இழுவிசையால் பால் கரண்டியிலிருந்து இழுபட்டு வழிகிறது என்பதை விஞ்ஞானிகள் சாயம் கலந்து காட்டினார்கள். இன்று வாட்ஸ்அப் இருக்கும்போது கேட்க வேண்டுமா?

2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் மாண்டான். ஜனங்கள் சிதறி ஓடிய காட்சி செல்போனில் பதிவாயிற்று. அதே படத்தை நாளை ஒருவன் "இன்று நடந்தது" என்று அனுப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே நிருபர் வேலை செய்ய விரும்பும் தோழர்களுக்குச் சொல்லுகின்றேன். பதிவின் துவக்கத்திலேயே இடத்தையும் தேதியையும் வாயால் சொல்லுங்கள். சாரலுக்கு நீர் புகாத உறையும், கூடவே பவர் பாங்கும் வேண்டும். அருவி இரைச்சலில், சட்டையில் குத்தும் சிறு மைக்கைப் பேசுகிறவர் வாயருகே வையுங்கள். மலையடியில் சிக்னல் இல்லையா? முதலில் பதியுங்கள், பிறகு அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரம் முதலிய குறிப்புகள் போய்விடும். எனவே மூலப் பதிவை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, அதைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழும் வேண்டும். மிட்டாய் மறுக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை ஊரெல்லாம் காட்டாதீர்கள். அது இரண்டாவது அவமானம்.

தோழர்களே! கருவிக்குச் சாதியும் இல்லை, புத்தியும் இல்லை. புத்தி நம்முடையதாக இருக்க வேண்டும். நேரில் கண்டோமா, முழுதும் பதிந்தோமா, எதிர்த்தரப்பைக் கேட்டோமா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றேன்.