அல்லங்காடி

(இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'மாநகரும் இரவும்' என எனக்குத் தலைப்புத் தந்துள்ளனர். தலைவர் அதனை அறிவித்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததைக் கண்டேன். இரவுக் களிப்பு என்றாலே குடியும் கூச்சலும் சீரழிவும் என எண்ணப் பழகிவிட்டோம். நெடுங்காலம் நானும் அவ்வாறே எண்ணினேன். என் பிள்ளைகளையும் அவ்வாறே அடக்கினேன். அவ்வெண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை என்பதைச் சொல்லவே இன்று எழுந்து நிற்கின்றேன்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மிகப் பெரியது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்த எழுந்த நூல் அது. அப்படிப்பட்ட நூலிலேயே, புலவர் ஓர் இரவு முழுவதும் மதுரைத் தெருக்களில் நம்மைக் கைப்பிடித்து நடத்திச் செல்கிறார். பகலில் நாளங்காடி, மாலை மயங்கியதும் அல்லங்காடி. அவ் அல்லங்காடியின் ஆரவாரத்தை, பல்வகைப் பறவைகளின் ஒலியோடு ஒப்பிடுகின்றார். பழிப்பவன் வாயில் வரும் உவமையா அது?

இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைபடுகின்றன. தேனடை போன்ற மெல்லிய அடையும் இனிப்பும் விற்றவர்கள் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகின்றனர். விழாவில் ஆடிய கூத்தர் ஆட்டம் ஓய்ந்து அடங்குகின்றனர். மூன்றாம் யாமத்தில் கள்வர் வருவர். கரிய உடை, இடையிலே நூலேணி! அவர்களைத் தேடி, மழை கொட்டும் நள்ளிரவிலும் ஊர்காப்பாளர் தெருத்தெருவாய்த் திரிகின்றனர். இதனை ஊன்றி எண்ணுங்கள். கள்வர் உளர் என்பதற்காக அல்லங்காடியை மூடு என அவ்வூரார் சொன்னதில்லை. காவலைப் பெருக்கினர்.

பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து இரவில் மக்கள் பாடல் கேட்கின்றனர், நாடகம் நயக்கின்றனர், நிலவொளியில் மகிழ்கின்றனர். மாடங்களில் பெண்கள் ஏற்றிய விளக்குகளைக் கடலினின்று மீள்வோர் எண்ணுகின்றனர். அந்நகரின் இந்திர விழாவோ 28 நாள்.

அரங்கம் அமைப்பதிலும் நம்மவர் எத்துணை நுட்பம் காட்டினர்! சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை கூறும் மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். பெருவிரல் அளவில் 24 கொண்டது ஒரு கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது ஒன்று: தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்கு வைத்தனர். இரவில் கூத்துப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த மக்களுக்கே அந்நிழல் கண்ணை உறுத்தும்.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியபின் மார்கழி இசைவிழா ஊன்றியது. அம்மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக இருந்ததும், 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்ததும் நீங்கள் அறிந்தவையே, விரிக்கவில்லை. 2007இல் சென்னை சங்கமம் நடந்தபோது பூங்காக்களிலே பறையும் கரகமும் ஒயிலும் ஆடின. நுழைவுச்சீட்டு கேட்பார் இல்லை. 2023 பொங்கலில் அது மீண்டும் உயிர்பெற்றது. 2019இல் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்க அரசு இசைவளித்தது. ஆக, அல்லங்காடி திரும்பிவிட்டது! அதில் நம் கூத்தனுக்கு என்ன இடம் என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றைச் சென்னையில் ஒரு விழாவிற்கு அழைத்திருந்தனர். துணைக்கு நானும் சென்றேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடும் குழு அது. கட்டியங்காரன் வந்து அவையைச் சிரிக்க வைத்த பின், இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று அரசன் பாடுவான்; திரை விலகுமுன்பே ஊர் நிமிர்ந்து உட்காரும். கரந்துவரல் எழினியின் எச்சம் இதுதானோ என நான் எண்ணுவதுண்டு. அப்பெரியவர் முகத்திற்கு வண்ணமிட்டு, புயக்கட்டையும் முடியும் கட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. மேடையில் அவருக்குக் கிடைத்தது இருபது நிமையம். அறிவிப்பு முழுவதும் ஆங்கிலம். இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தவாறே என்னிடம் கேட்டார்: "ஐயா, நாங்க எந்த நாட்டிலிருந்து வந்திருக்கோம்னு சொன்னாங்க?"

நான் என்ன விடை சொல்வேன்? அவர்களைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். ஆனால் அன்றிரவு பேருந்தில் வரும்போது வேறொன்று உறைத்தது. அவர்களாவது இருபது நிமையம் தந்தார்கள். நாம் எத்தனை நிமையம் தந்தோம்? நம் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஒன்பதுக்குள் ஏழு பேச்சாளர் பேசி முடிப்போம். நானும் அவர்களுள் ஒருவன். கூத்தில்லை, பறையில்லை, பாட்டும் தொடக்கத்தில் ஒன்றே. பின்னர், இளைஞர் வேற்றுமொழிப் பாட்டுக்கு ஆடுகின்றனரே எனப் புலம்புகின்றோம். இரவை நாம் விட்டுவிட்டு வந்தோம், பிறர் எடுத்துக்கொண்டனர்.

என் மகள் இதனைக் கேட்டுவிட்டு, "அப்பா, கூத்து விடியுமட்டும் நடக்கட்டும், நடுவில் புறப்பட வேண்டிய பெண் எப்படி வீடு திரும்புவாள்?" என்றாள். சென்னையில் மாநகரத் தொடர்வண்டியே இரவு பதினொரு மணி அளவில் நின்றுவிடுகிறது. பட்டினப்பாலையை எத்தனை மேடையில் முழங்கினாலும் அக்கேள்விக்கு அது விடையாகாது. மருதனார் காட்டிய ஊர்காப்பாளரை அப்போதுதான் மீண்டும் எடுத்துப் படித்தேன்.

ஆகவே நண்பர்களுடன் கலந்து ஒன்று செய்துள்ளோம். அடுத்த திங்கள் முழுநிலா நாளில் இப்பள்ளித் திடலில் அதே குழு இரவு முழுதும் ஆடும். நுழைவுச்சீட்டு இல்லை. சுக்கு நீரும் சுண்டலும் விற்க நம் தெருப் பெண்கள் மூவர் கடை போடுகின்றனர். இரவு பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் விடியலிலும் பெண்களை வீட்டில் கொண்டுசேர்க்க இரண்டு ஊர்திகள் அமர்த்தியிருக்கிறோம். துணைக்கு வர இளைஞர் எண்மர் பெயர் தந்துள்ளனர். முன்வரிசைப் பெரியவர்கள் பகலிலேயே சற்று உறங்கி எழுந்து வாருங்கள். விளக்குக் கட்டும் தம்பியிடம், தூண் நிழல் மேடையில் விழாமல் கட்டச் சொல்லியிருக்கிறேன்.