சாவா மூவா நிதி

இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் பெருமைகளை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டார்கள். நான் திருப்பிச் சொல்லவில்லை.

முன்வரிசையில் என் நண்பர்கள் இருவர் இப்போதே சிரிக்கிறார்கள். நான் எதைப் பேசப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். துறை அறையில் தேநீர் ஆறிப்போகும்வரை ஆண்டுக்கணக்காக நடந்த வழக்கு இது. அறக்கட்டளை என்றால் முதல்தொகையில் கைவைக்கக் கூடாது, வட்டியில்தான் அறம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சமூக நீதிக்கென்று தொடங்கிய நிதி ஒருநாள் தீர்ந்துபோகத் துணிய வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னதும் சோழர் கல்வெட்டை எடுப்பார்கள்: கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடு, அதுவும் சாவா மூவாப் பேராடு. ஐயா, ஆடு சாகும். சாவாமை ஆட்டின் குணமல்ல. செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கையை நிரப்பி, நாளும் உழக்கு நெய் அளந்த இடையரின் பாரம் அது. நிதி எத்தனை நாள் நின்றது என்பதைவிட அது யார் தலையில் கடமையை ஏற்றியது என்று பார்ப்பதே எனக்கு முக்கியம். "அது கோயில் கதை, உமது ஆள் அமெரிக்காக்காரர்" என்பார்கள். சரி, அங்கேயே போவோம்.

என் ஆள் எட்வின் எம்ப்ரீ. அடிமை முறையை எதிர்த்துக் கென்டக்கியில் பெரியா கல்லூரியை நிறுவிய ஜான் ஃபீயின் பேரன். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் படித்த ஊரில் வளர்ந்தவர். ராக்பெல்லர் அறக்கட்டளையில் துணைத்தலைவராக இருந்தவர், 1928இல் சிகாகோவுக்கு வந்து ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியத்தின் தலைவரானார். சியர்ஸ் ரோபக் அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பணம் சேர்த்த ரோசன்வால்டு அதே ஆண்டு அறங்காவலர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: தாம் இறந்து 25 ஆண்டுக்குள் வட்டியோடு முதலும் செலவாகிவிட வேண்டும். ஆக, எம்ப்ரீ ஏற்றுக்கொண்டது முடிவுநாள் குறிக்கப்பட்ட ஒரு நாற்காலி. அப்படிப்பட்ட நாற்காலியை நம்மில் எத்தனை பேர் ஏற்போம்? (சிரிப்பு.)

இனி நிதியத்தின் பள்ளிகளுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், தலைவர் பொறுத்தருள வேண்டும்.

1912இல் ரோசன்வால்டு தம் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி, அலபாமாவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கிகீ கல்வி நிறுவனத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் 2,800 டாலர் மிஞ்சியது. அதைக் கொண்டு பக்கத்துக் கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆறு சிறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். முதல் பள்ளி லோச்சபோக்காவில் 1913இல் எழுந்தது. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். அதில் ரோசன்வால்டு தந்தது 300. மீதி ஊராரிடமிருந்து வந்தது: பணமாக, உடலுழைப்பாக.

இந்த 300 டாலரை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அந்தக் கட்டடங்களின் வரைபடங்களை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அலுத்ததில்லை. தொடக்க வரைபடங்கள் டஸ்கிகீயின் ராபர்ட் டெய்லர் மேற்பார்வையில் உருவானவை. எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கிராமத்தில் மின்சாரம் இல்லை. ஆகவே கட்டடத்தின் மொத்தச் சிந்தனையும் வெளிச்சத்தைப் பற்றியது. உயரமான ஜன்னல்களை வரிசையாக ஒட்டி ஒட்டி வைத்தார்கள். வெயில் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வர வேண்டும், எழுதும் பிள்ளையின் இடப்பக்கம் விழ வேண்டும், வலக்கையின் நிழல் தாளை மறைக்கக் கூடாது. மனை தெற்கு பார்த்திருந்தால் ஒரு வரைபடம், கிழக்கு பார்த்திருந்தால் இன்னொன்று. இரண்டு வகுப்பறைக்கும் நடுவே நகர்த்தக்கூடிய தடுப்பு. மாலையில் தடுப்பை விலக்கினால் ஊர்க்கூட்டத்துக்கு மண்டபம் தயார். பருத்தி விளையும் மண்ணில், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக, ஒரு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நிதியம் சும்மா கொடுக்கவில்லை. ஊர் தன் பங்கைத் திரட்ட வேண்டும். மனையையும் கட்டடத்தையும் பொதுக் கல்வி நிர்வாகத்தின் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் அதைத் தன் பள்ளியாக ஏற்றுப் பராமரிக்க வேண்டும். ஊரார் ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டு அதற்கு ரோசன்வால்டு பாத்தி என்று பெயர் வைத்தார்கள். அலபாமாவின் பொலிஜீ என்ற ஊரில் காய்வண்டு பருத்தியை அழித்திருந்த வேளை. அடிமை நாளைக் கண்ட முதியவர் ஒருவர் அழுக்குப் பையில் வைத்திருந்த ஆயுட்காலச் சேமிப்பைக் கூட்டத்தில் மேசைமேல் கொட்டினார் என்று டஸ்கிகீயின் களப்பணியாளர் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கேதான் என் நண்பர்களில் ஒருவர் குறுக்கிடுவார், கல்வி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் 1988ஆம் ஆண்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு. கறுப்பின மக்கள் கட்டிய வரி வெள்ளையர் பள்ளிக்குப் போயிற்று. பிறகு தம் பள்ளிக்கு மறுபடி தாமே காசு போட்டார்கள். இது இரட்டை வரி, இதையா நீதி என்கிறீர் என்பார். மறுக்க மாட்டேன். அந்த முதியவரின் பையை யாரும் அவிழ்க்க வைத்திருக்கக் கூடாது. ஆனால் மொத்தக் கணக்கையும் பாருங்கள். 1932 வரை 15 மாநிலங்களில் 5,357 கட்டடங்கள், அவற்றில் 4,977 பள்ளிகள். செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்தது 47 லட்சம். நிதியம் தந்தது 43 லட்சம். அரசு வரிப்பணம் 1 கோடியே 81 லட்சம். மூன்றில் ஒன்றாகத் தொடங்கிய கொடையாளரின் பங்கு நூற்றுக்குப் பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. கறுப்பினக் குழந்தைக்குச் செங்கல் வாங்க மறுத்துவந்த அரசு, மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்திருக்கிறது. வட்டியில் காலமெல்லாம் பள்ளி நடத்தும் நிதியம் ஒன்று இருந்திருந்தால், அந்த அரசுகள் இந்தப் பணத்தைக் கண்ணில் காட்டியிருக்குமா? கடமையைச் சுமக்கும் இடையரை மாற்றியதுதான் அந்த நிதியத்தின் சாதனை.

1932இல், ரோசன்வால்டு இறந்த ஆண்டிலேயே, கட்டடத் திட்டம் நிறுத்தப்பட்டது. "கொள்கையாவது ஒன்றாவது, பங்கு விலை விழுந்து கை வறண்டது" என்பார் மற்ற நண்பர். பாதி உண்மை. நிதியத்தின் சொத்து சியர்ஸ் பங்குகள், அவை சரிந்தன, ஒப்புக்கொண்டதைக் கொடுக்கவே கடன்பட வேண்டியிருந்தது. ஆனால் முடிவு 1928ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியாயிற்று, சந்தை சரியும் முன்பே. ஒரே ஒரு விலக்கு உண்டு: குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டதால் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்சில் 1937இல் திறந்த பள்ளி. அந்தத் தளர்வை நான் எம்ப்ரீக்கு மன்னித்துவிட்டேன்.

அடுத்து, நிதியம் அறிஞர்களுக்கும் கலைஞர்களுக்கும் தந்த புலமை நல்கைகள். நேரம் இல்லை, பெயர்களை மட்டும் சொல்கிறேன்: டு போய்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் பஞ்ச், மரியன் ஆண்டர்சன், ஜேக்கப் லாரன்ஸ். கென்னத், மேமி கிளார்க் தம்பதியரும் இந்த நல்கை பெற்றவர்களே. பொம்மைகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய வழக்கில் சான்றாக நின்றது. நிதியம் 1948இலேயே மூடப்பட்டுவிட்டது, கெடுவுக்கு ஒன்பது ஆண்டு முன்பாக. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தையே தகர்த்தது. நிதியத்தின் ஒரு கை கட்டியதன் தேவையை மறு கை ஒழித்தது. இது தனிச் சொற்பொழிவுக்கு உரிய பொருள்.

மணி அடித்துவிட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கு இரண்டொரு குறிப்பு. எம்ப்ரீயின் வாழ்க்கையைத் தமிழில் யாராவது எழுதலாம். கொடையாளர் பெயரில் நூல்கள் குவிகின்றன, நிதியை நடத்தியவர் பெயரில் ஒன்றிரண்டுதான். இன உறவுப் பணியில் அவரோடு நின்ற சமூகவியலாளர் சார்லஸ் ஜான்சனையும் சேர்த்துக்கொள்ளலாம். நந்தா விளக்குக் கல்வெட்டுகளை இடையரின் பக்கமிருந்து படிக்கலாம். விளக்கு எப்போது அணைந்தது என்று தேடலாம். நம் பல்கலைக்கழக அறக்கட்டளைகளின் பதிவேட்டையும் யாராவது எடுத்துப் பார்க்கலாம்: வைப்புத்தொகை எவ்வளவு, இன்றைய வட்டி எவ்வளவு, அது பொன்னாடைக்குப் போதுமா, தேநீருக்குமா என்று. இந்த அறக்கட்டளையிலிருந்தே தொடங்கினாலும் எனக்கு மறுப்பில்லை. நிதி அலுவலர் பின்வரிசையில்தான் இருக்கிறார்.