எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்

(சித்தூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவர்களின் மனநலம் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் டாக்டரும் அல்ல, வாத்தியாரும் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தே ஓய்வு பெற்றவன். ஆகவே, காகிதத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் வருஷத்தில் மட்டும் நம் தேசத்தில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். பரீட்சையில் தோற்றதே காரணம் என்று பதிவானவை 2,248. அப்படியானால் பாஸ் செய்கிற பிள்ளைகளும் கஷ்டப்படுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? "எங்காத்துப் பையன் நன்றாகப் படிக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை" என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

இந்த விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலை 25-ந் தேதி ஒரு தீர்ப்பு அளித்தது. நம் ஆந்திராவிலிருந்து, விசாகப்பட்டினத்தில் நீட் பரீட்சைக்குப் படித்துவந்த 17 வயதுப் பெண் ஒருத்தியின் மரணம் தொடர்பாகப் போன வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் 15 கட்டளைகள் பிறப்பித்தார்கள். சட்டம் வரும்வரை அவை எல்லாக் கல்வி நிலையங்களையும், கோச்சிங் சென்டர்களையும் கட்டுப்படுத்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள இடத்தில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்து 'நல்ல செக்‌ஷன்', 'மட்டமான செக்‌ஷன்' என்று பிரிக்கக் கூடாது. பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது. உதவித் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் ஹாஸ்டலில் எழுதி வைக்க வேண்டும். பேரனை ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறவர்கள் சாப்பாடு எப்படி, ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிப்பதோடு, "ஆலோசகர் யார், அவரை நான் பார்க்கலாமா?" என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேறு விதமாகவும் பள்ளிக்கூடம் நடத்தலாம் என்பதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை அது நம் சித்தூர் ஜில்லாதான். ஸ்தாபித்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1895-ல் மதனப்பள்ளியில் ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மயிலாப்பூரில் படித்தபோது, மந்தமான பையன் என்று வாத்தியாரிடம் தினமும் பிரம்படி வாங்கியவர்! பயம் இருக்கும் இடத்தில் படிப்பு ஏறாது என்று அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு அந்தப் பிரம்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் யூகம். அங்கே சாயங்காலம் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து சூரிய அஸ்தமனத்தைப் பார்ப்பது ஒரு வழக்கம். அதற்கு அஸ்தாசல் என்று பெயர்.

பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, அங்கே எதுவும் செய்யலாம் என்பீர்கள். ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளையும் அவர்கள் நடத்தினார்கள். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக்கி, ஏணிப்படி போல் வரிசைப்படுத்தி, அவரவர் வேகத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஏறும்படி செய்தார்கள். பக்கத்துப் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்ற கவலையே இல்லை. இதைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லிருந்து செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது கமிஷனராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதற்கு முன்னின்றார். பின்னர் 2007-ல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஓர் அதிகாரி மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இன்டர் படிக்க ரெசிடென்ஷியல் காலேஜில் சேர்ந்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை படிப்பு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபோன். அப்பா "வீக்லி டெஸ்டில் என்ன ரேங்க்?" என்பார். அம்மாவும் அதையே கேட்பார். பாட்டி மட்டும் "ராத்திரி தூங்கினியாடா கண்ணா?" என்பாள். அவளிடம்தான் ஒரு நாள் அழுதான். அன்றைக்கே போய் அழைத்து வந்துவிட்டார்கள். இப்போது திருப்பதியில் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படிக்கிறான்.

லாபரட்டரியில் வெர்னியர் பிடித்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கருவிக்கும் ஒரு மீச்சிற்றளவு உண்டு. அதற்குக் கீழே அது காட்டுவதை நம்பக் கூடாது. பரீட்சையும் கருவிதான். 96-க்கும் 94-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு குழந்தையை எடை போடுகிறோமே, இது என்ன விஞ்ஞானம்?

பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், சிநேகிதர்களை விட்டு ஒதுங்கி, "நான் இல்லாவிட்டால் என்ன?" என்பது போலப் பேசினால், தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். மனநல டாக்டரிடம் போனால் நாளைக்கு ஜாதகம் வாங்க மாட்டார்களே என்று தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. சர்க்கரைக்கு டாக்டரிடம் போக நாம் தயங்குகிறோமா?

கடைசியாகக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். வருஷா வருஷம் நம் பரிசளிப்பு விழாவில் மேடையில் மார்க்கை உரக்கப் படித்து, ரேங்க் வரிசையில் அழைக்கிறோம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். இந்த வருஷம் பரிசு கொடுப்போம், மார்க் படிக்க வேண்டாம், பெயர்களை அகர வரிசையில் அழைப்போம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.