முறைப்பாடும் முறையும்



கற்பிட்டியில் வாங்கிய புதுவலை முதற்பாட்டிலேயே அறுந்தால் கடைக்காரரிடம் முறையிடுகிறோம். அப்போது மூன்றை நிறுக்கிறோம்: நட்டம் ஈடாயிற்றா? அலைக்கழிவின்றி முடிந்ததா? முகங்கொடுத்துப் பேசினாரா? பணத்தை எறிந்து அனுப்பியவரிடம் மறுபடி போக மனம் வருவதில்லை. காரணஞ் சொல்லி, இரண்டு நாளில் மாற்றுவலை தந்தவரிடமே போகிறோம்; அவர் நம்மை மதித்தார். ஆயினும் இன்சொல் மட்டும் வலையாகாது. கடை கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கிய மூன்று மாதத்துள் எழுத்தில் முறையிடலாம். ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவோமாக.

நம்முட் கடை நடத்துவோரும் உளர். முறையிட வருபவரைப் பகைவரென எண்ணவேண்டாம். நம்மேல் இன்னும் நம்பிக்கை உள்ளவரே வந்து சொல்கிறார். அது அற்றவர் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.