புல்லட்டின் தலையைத் திறக்குமுன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். வரும் வழியில் ஹாஸ்டல் ஷெட்டில் இரண்டு பழைய புல்லட்டுகளைப் பார்த்தேன். விஷயம் கிடைத்துவிட்டது. வார்ப்பிரும்பு பேரல் கொண்ட பழைய 350 புல்லட்டின் ஹெட், பேரல், பிஸ்டன் மூன்றையும் வீட்டிலேயே கழற்றுவது எப்படி என்று சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த எஞ்சினின் பூர்வீகம். இங்கிலாந்தில் 'ட்ரயல்ஸ்' என்று ஒரு போட்டி உண்டு. வேகம் அங்கே முக்கியமில்லை. பாறை, சேறு, ஓடை இவற்றின்மேல் காலை ஊன்றாமல் வண்டியை ஓட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் மதிப்பெண் போச்சு. ஜானி பிரிட்டன் என்பவர் ராயல் என்ஃபீல்ட் ஓட்டி, ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸை 1952-லும் 1957-லும் வென்றார். அந்தப் புல்லட்தான் 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபின் நம் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; பெருக்கிப் பாருங்கள், 346 சி.சி. வரும். நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல். மெதுவாகப் போகும்போதும் இழுக்கும் குணம் அதனால்தான். இந்த எஞ்சின் இப்போது தயாரிப்பில் இல்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். புகை வருகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், "போர் தேஞ்சு போச்சு சார், ரீபோர் பண்ணிடலாம்" என்று பதில் வரும். பல சமயம் அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ரீபோரிலும் பேரலின் உலோகம் கொஞ்சம் போகிறது. போனது திரும்ப வராது. தேவையில்லாமல் ஒரு முறை கடைந்தால், பேரலின் ஆயுளில் ஒரு பங்கை வீணாக்கியதாக அர்த்தம்.

ஆகவே ஸ்பேனரைத் தொடுமுன் எஞ்சினிடம் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது நீலப்புகை வந்தால் ரிங், போர் மீது சந்தேகம். இறக்கத்தில் த்ரோட்டிலை மூடி இறங்கிவிட்டு மறுபடி திறக்கும்போது மட்டும் வந்தால் வால்வ் கைடு மீது சந்தேகம். கிக்கர் லேசாக இறங்கினால் பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் பக்கம்; ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் பேக்கிங். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை எடுத்து வெளியே வையுங்கள். அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் பக்கம் வேண்டாம். பிறகு சைலன்சர் பைப், கார்புரேட்டர், டீகம்ப்ரஷர் கேபிள், ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப். கழற்றிய நட்டுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். கலந்துவிட்டால் அரை நாள் போய்விடும்.

ராக்கர் மூடிகளைத் திறந்ததும், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி எஞ்சினைச் சுற்றுங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். புஷ்ராடுகளின்மேல் பாரம் இராது. ராக்கர்களைக் கழற்றி, புஷ்ராடுகளை உருவி, இன்லெட் எது எக்ஸாஸ்ட் எது என்று சீட்டு கட்டுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, அரை அரைத் திருப்பாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் ஹெட் வளையும். இறுகியிருந்தால் மர சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். ஃபின்களுக்கு இடையே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள்.

ஹெட் கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம், மண்ணெண்ணெயில் முக்கித் துடைப்பது. தயவுசெய்து துடைக்காதீர்கள். நான் இன்று சொல்வதில் முக்கியமானது இதுதான். அந்தக் கரியில்தான் எஞ்சினின் சரித்திரம் இருக்கிறது. இன்லெட் பக்கம் எண்ணெய்ப் பசையோடு ஈரக்கரி என்றால் கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. எங்கும் உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம். பேக்கிங்கின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் அங்கே கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. நோட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு துடைக்கலாம்.

அடுத்தது பேரல். மெதுவாகத் தூக்கி, பிஸ்டனின் அடிப்பாகம் தெரிந்ததும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான பனியன் துணியால் அடைத்துவிடுங்கள். சர்க்லிப் உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். பின் இறுக்கமாக இருந்தால் சுத்தியால் அடிக்காமல், வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனில் சுற்றுங்கள். அலுமினியம் விரிந்து வழிவிடும். கழற்றிய சர்க்லிப்பை மறுபடி மாட்டவே கூடாது. சில ரூபாய்ச் சாமான் அது. ஆனால் ஓட்டத்தில் கழன்றால் பேரலைக் கீறும், எஞ்சினே இறுகி, ஹைவேயில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆளுக்கே ஆபத்து.

இப்போது தீர்ப்பு. பேரலின் மேல்விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டுங்கள். நன்றாகத் தட்டினால் தேய்மானம் உண்டு. ரிங்கைப் பேரலுக்குள் நேராக இறக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவெடுங்கள். பிறகு லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். போர் அளவுக்குள் இருந்தால் புது ரிங்கும் வால்வ் லேப்பிங்கும் போதும். இல்லாவிட்டால் தாராளமாக ரீபோர் செய்யுங்கள். கனெக்டிங் ராடையும் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆடினால் அது வீட்டு வேலை இல்லை. அனுபவப்பட்ட மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

மாட்டும்போது இதே வரிசை, தலைகீழாக. டேப்பட்டுக்கு எளிய சோதனை உண்டு: எஞ்சின் ஆறியிருக்கையில் புஷ்ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேல்கீழாக ஆடக்கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் நட்டுகளை மறுபடி பாருங்கள்.

மாணவர்களே, உங்களில் எல்லோரும் எஞ்சின் பிரிக்கப் போவதில்லை. கம்ப்யூட்டரோ, கட்டடமோ, வங்கிக் கணக்கோ, எது பழுதாகி உங்கள் மேஜைக்கு வந்தாலும், துடைக்குமுன் ஒரு முறை பாருங்கள். ஷெட்டில் நிற்கும் அந்த இரண்டு வண்டிகளின் சொந்தக்காரர்கள் விரும்பினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஷெட்டில் இருப்பேன். ஸ்பேனர் கொண்டு வாருங்கள், கூடவே நோட்டும்.